ஆடிப்பெருக்கு மீனுக்கும் உண்டு

ஆடி பதினெட்டு அன்று காவிரிக் கரையில் முளைப்பாரி கரைக்கிறார்கள், காதோலை கருகமணி படைக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில், மக்கள் புனலாட வேண்டுமே என்று மேட்டூரிலிருந்து அந்த நாளுக்கென்றே கொஞ்சம் நீர் விடுவதும் உண்டு. இந்தப் பண்டிகை ஏன் ஆடியில் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கலங்கிய புதுவெள்ளம் கீழே வந்து சேரும் காலம் அது. அதே வெள்ளத்தை நம்பித்தான் சேல்கெண்டையும் கறுமுழிக்கெண்டையும் வெண்கெண்டையும் வயிற்றில் சினையோடு காத்திருக்கின்றன. அவற்றுக்கென்று யாரும் மதகைத் திறப்பதில்லை.

காவிரியில் நாட்டு மீன் குறைந்து ஜிலேபி (திலேப்பியா மீன்) பெருகிவிட்டது என்று பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: சாயக்கழிவு, அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் முதல் காரணம். ஆற்றில் நீர் ஏறி இறங்கும் விதம் மாறிவிட்டது. மொத்தத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற கணக்கைக் காட்டிலும், அது எந்த மாதத்தில், எத்தனை நாளில் ஏறி, எவ்வளவு மெதுவாக வடிகிறது என்பதுதான் எந்த மீன் பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் நம் பெருங்கெண்டைகள் இனம் பெருக்கும் முறையைப் பார்ப்போம். கோடையில் கசங்களிலும் மடுக்களிலும் ஒதுங்கியிருக்கும் பெரிய மீன்களுக்கு மூன்று அறிகுறிகள் சேர்ந்து வர வேண்டும்: மட்டம் ஏற வேண்டும், நீர் கலங்க வேண்டும், வெயிலில் சூடேறிய நீரில் மழைநீர் கலந்து சற்றே குளிர வேண்டும். அப்போதுதான் மீன் எதிரேறும். ஓரங்களில், நீர் புதிதாகப் பரவிய ஆழம் குறைந்த இடங்களில், பெட்டையும் ஆணும் கூட்டமாகச் சேர்ந்து முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விட்டுவிடுகின்றன. கூடு கிடையாது, காவல் கிடையாது. முட்டை வெளியே வரும்போது கடுகைப் போலச் சிறியது. தண்ணீரை உறிஞ்சிச் சிறிது நேரத்திலேயே உப்பி, பாயசத்தில் வெந்த ஜவ்வரிசியைப் போலக் கண்ணாடியாகிவிடும். எதிலும் ஒட்டாது. ஓட்டம் இருக்கும்வரை உருண்டும் மிதந்தும் போய்க்கொண்டிருக்கும். ஓட்டம் நின்றால் அடியில் படியும். அடியில் வண்டல் இருந்தால் மூச்சுத் திணறிச் சாகும்.

ஒரு சிறு கணக்கு. 27, 28 டிகிரி வெப்பத்தில் இவ்வகை முட்டை பொரிய 16 முதல் 18 மணி நேரம் ஆகும். நீர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால், 16 மணி நேரத்தில் முட்டை ஏறக்குறைய 29 கிலோமீட்டர் கீழே போயிருக்கும். பொரிந்த குஞ்சுக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நீந்தத் தெம்பு கிடையாது, வயிற்றுப்பையில் இருக்கும் மஞ்சள் கருவைத் தின்றுகொண்டே இழுபட்டுப் போகும். அதன்பிறகு புல் முளைத்த ஓரங்களும் வெள்ளம் ஏறிய திட்டுகளும் கிடைத்தால்தான் நுண்ணுயிர்களைத் தின்று தேறும். ஆக ஒரு தலைமுறைக் குஞ்சு பிழைக்க, தடையில்லாமல் ஓடும் பல பத்துக் கிலோமீட்டர் ஆறும், சில நாட்களாவது இறங்காமல் நிற்கும் வெள்ளமும் வேண்டும்.

இப்போது மேட்டூருக்குக் கீழே ஆற்றைப் பாருங்கள். செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று பவானிக்குள்ளாகவே நான்கு கதவணைகள். பவானிக்குக் கீழேயும் கதவணைகள் தொடர்கின்றன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்சாரத்துக்காகக் கட்டியவை. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும். 29 கிலோமீட்டர் போக வேண்டிய முட்டை, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஒரு தேங்கிய குளத்துக்குள் விழுந்துவிடுகிறது. பார்ப்பதற்கு ஆறு கரைபுரண்டு நிற்பது போலிருக்கும், ஆனால் நீர் ஓடாமல் நிற்கும். நாட்டுக்கெண்டையின் முட்டைக்கு அந்த நிறைந்த ஆறும் வறண்ட ஆறும் ஒன்றுதான்.

அதே தேக்கம் ஜிலேபிக்குச் சொர்க்கம். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீனான இது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கதவணைத் தேக்கங்களின் ஓரத்தில், முழங்கால் ஆழத்துக்கும் குறைவான தெளிந்த நீரில், காலை வெயிலில் குனிந்து பார்த்தால் தெரியும்: சேற்றிலும் மணலிலும் சோற்றுத் தட்டு அளவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே ஒரு கறுத்த ஆண் மீன், தொண்டை மட்டும் வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து, அசையாமல் நிற்கும். இன்னொரு ஆண் நெருங்கினால் பாய்ந்து விரட்டும். பெட்டை வந்து பள்ளத்தில் சில நூறு முட்டைகளை இட்டு, உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று முதல் ஐந்து நாளில் வாய்க்குள்ளேயே பொரியும். இரண்டு வாரம்வரை குஞ்சுகள் வெளியே மேய்ந்து, நிழல் பட்டால் தாயின் வாய்க்குள் ஓடும். நீர் சூடாக இருக்கும் காலமெல்லாம், ஒன்றரை மாதத்துக்கும் குறைந்த இடைவெளியில் இதே பெட்டை மறுபடி முட்டையிடும். பிறந்து மூன்று மாதத்திலேயே குஞ்சும் சினைக்கு வந்துவிடும்.

சேல்கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிட்டு வெள்ளத்திடம் ஒப்படைக்கிறது. ஜிலேபி சில நூறு முட்டைகளை வாயில் வைத்துக்கொள்கிறது. வெள்ளம் தவறாமல் வரும் ஆற்றில் முதல் வழி வெல்லும். வெள்ளமே வராத ஆற்றில் இரண்டாவது வழியைத் தோற்கடிக்க எதுவும் இல்லை. ஆறு மாறியதால்தான் ஜிலேபி ஜெயித்தது.

எப்படி மாறியது? 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர் 49.45, ஹேமாவதி 37.10, கபினி 19.52, ஹாரங்கி 8.50. ஐந்தும் சேர்ந்தால் 208 டி.எம்.சி. கோடை முடிவில் வறண்டு கிடக்கும் இந்த ஐந்து பாத்திரங்கள் நிறையும்வரை ஆனி, ஆடியின் முதல் வெள்ளங்கள் கீழே வர வழியில்லை. 2018, 2022 போல எல்லாம் நிரம்பி வழிந்த ஆண்டுகளில் மட்டுமே உண்மையான வெள்ளம் கீழே இறங்கியது. மற்ற ஆண்டுகளில் கீழே வருவது பாசனத்துக்கு அளந்து விட்ட நீர். வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் அடைப்பு. பெரும்பாலும் மூவாயிரம் கன அடியில் தொடங்கி, சீக்கிரமே பத்தாயிரத்தைத் தொட்டு, பிறகு டெல்டாவின் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக் கொண்டே போவார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் அது சரியான முறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீனின் கண்ணில் பார்த்தால், அந்த ஓட்டத்துக்கு முகடு இல்லை, கலங்கல் இல்லை. அணையில் வண்டல் தங்கிவிடுவதால் வருவது தெளிந்த நீர். மூன்று அறிகுறிகளில் ஒன்றோ அரையோதான் கிடைக்கிறது. சினை பிடித்த பெட்டைக்கு வெள்ளம் வராவிட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோகும். அந்த ஆண்டு அதற்கு மலட்டு ஆண்டு.

கடலிலிருந்து ஏறும் மீன்களின் கதை இன்னும் கொடியது. உல்லம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதேதான், ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறியது. மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் அந்த மீன்பிடிப்பு சரிந்தது. விலாங்குக்குப் பயணம் நேர்மாறு, அது கடலில் பிறந்து ஆற்றில் வளர்வது. கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தில் நன்னீர் வந்து கலந்தால்தான் ஆறு இருக்கும் திசையை அறியும். கொள்ளிடம் மாதக்கணக்கில் கடலைத் தொடாமல் கிடக்கும் ஆண்டுகளில் அவற்றுக்கு வழிகாட்ட ஒன்றுமில்லை.

வந்தேறி மீன் என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைப்பது இந்தப் பேச்சில் அடிக்கடி நடக்கும் தவறு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை, கோதாவரிப் பக்கத்து மீன்கள். காவிரிக்கு அவையும் வெளியூர்தான். கோதாவரியிலிருந்து கொண்டுவந்த கட்லா மேட்டூர் தேக்கத்தில் நிலைத்துவிட்டது. இவை இனம் பெருக்கும் விதம் நம் சேல்கெண்டையுடையதைப் போலவே வெள்ளத்தை நம்பியது. வெள்ளத்தைத் திருப்பிக் கொடுத்தால் இவற்றுக்கும் ஆதாயமே. சாதாக்கெண்டை வேறு வகை: 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்தது, முட்டை ஒட்டும் தன்மையுள்ளது, தேங்கிய ஓரத்துச் செடிகளில் ஒட்டவிட்டுப் போகும், அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும், வீட்டு மீன்தொட்டியிலிருந்து ஆற்றுக்கு வந்த டேங்க் கிளீனரும் ஓட்டம் அற்றுப்போன கோடைக் குட்டைகளில் ஜெயிப்பவை. ஆற்று ஓட்டம் மெலிந்தால் சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து அடர்ந்து, கரைந்த ஆக்சிஜன் இறங்கும். மற்ற மீன் மிதந்து சாகும்போது இவை மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். டேங்க் கிளீனர் கரையில் வளை தோண்டி, நீர் வற்றினாலும் ஈரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் விராலும் தேளியும்கூடக் காற்றைக் குடிப்பவைதான். அதனால் கெட்டுப்போன குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தியோடு நேருக்கு நேர் மோத வேண்டி வருவது இவற்றுக்குத்தான்.

மாசீர் விஷயத்தில் எதிரி உள்நாட்டுக்காரனே. காவிரிக்கு மட்டுமே உரிய திமில் மாசீர் உலகின் பெரிய கெண்டைகளில் ஒன்று. 1946-இல் கபினியில் பிடித்த ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. 1970-களிலிருந்து, மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் செயற்கையாகப் பொரித்த நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். மாசீரைக் காப்பாற்றும் நல்லெண்ணம்தான். 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் பிடித்துத் திரும்ப விட்ட மீன்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மளமளவென ஏறியிருக்க, திமில் மாசீர் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. 2018-இல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியானது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. இங்கே ஓட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாசீர் முட்டை கூழாங்கல் இடுக்கில் விழுந்து, சுத்தமான ஓட்டத்தில் மூன்று நான்கு நாள் கிடந்து பொரிவது. மின் நிலையத்துக்காக மணிக்கு மணி ஏறி இறங்கும் நீர் அந்தக் கல் திட்டை வெயிலில் விட்டுவிட்டால், எந்த மாசீரின் முட்டையும் காய்ந்துதான் போகும். வளர்ப்புக் குளத்திலிருந்து குஞ்சு விடுகிற இனத்துக்கு அந்த நட்டத்தை ஈடுகட்ட ஆள் இருக்கிறது. திமில் மாசீருக்கு இல்லை.

ஓட்டத்தின் வடிவத்தைத் திருத்தினால் நாட்டு மீன் திரும்புமா? திரும்பிய இடம் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் பூட்டா என்றொரு ஓடை. 1957-இல் மான்டிசெல்லோ அணை வந்தபின் கீழ்ப்பகுதி வறண்டு, வெளியூர் பாஸ் மீன்களும் சன்ஃபிஷ்களும் ஆண்டன. நாட்டு மீன்கள், நீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் சிறு அணைக்கு அடியிலேயே ஒரு சிறு பகுதியில் ஒடுங்கின. நீண்ட வழக்குக்குப் பின் 2000-ஆம் ஆண்டு ஓர் உடன்பாடு வந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிக்குள், நாட்டு மீன்கள் முட்டையிடும் காலத்தில், மூன்று நாள் நீரெழுச்சி. அதன்பின் ஒரு மாதம் குறையாத ஓட்டம். கோடையில் ஓடை அறுந்துபோகாத அளவுக்குச் சிறு ஓட்டம். 1991 முதல் 2008 வரை ஒரே இடங்களில் மீன்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், இருபது கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் நாட்டு மீன்களே மறுபடி பெரும்பான்மை ஆனதைக் கண்டார்கள். வெளியூர் மீனை விஷம் வைத்துக் கொல்லவில்லை, வலை போட்டு அள்ளவும் இல்லை. அணையிலிருந்து விட்ட நீரும் பெரிய அளவில் கூடிவிடவில்லை.

ஆனால் எல்லா ஆற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை 1963-இலிருந்து ஆழத்துக் குளிர்ந்த நீரையே விட்டு, வெதுவெதுப்பு வேண்டிய நாட்டு மீன்களை வாட்டியது. அந்தக் குளிரே வெளியூர் பாஸ் மீனையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. வறட்சியில் தேக்கத்தின் மட்டம் இறங்கி, மேல்மட்டத்துச் சூடான நீரும் அதோடு பாஸ் மீனும் டர்பைன் வழியே கீழே வரவே, 2022-இல் அணைக்குக் கீழே அது குஞ்சு பொரித்திருப்பது தெரிந்தது. 2024 கோடையில் ஆழத்து மதகைத் திறந்து நீரைக் குளிர்வித்தார்கள். எந்த மதகு வழியே விடுகிறோம் என்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான்.

காவிரிக்கு வருவோம். நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. இதை ஆண்டு முழுக்கச் சமமாகப் பரப்பினால் வினாடிக்கு வெறும் 317 கன அடி. காவிரியின் அகன்ற மணற்படுகையில் அது ஓரத்து வாய்க்கால். எந்த மீனையும் எழுப்பாது. அதே பத்தை ஆடியில் ஒரே முறையாக, 20,000 கன அடி வீதம் விட்டால் ஏறக்குறைய ஆறு நாளுக்கு வரும். பாசனத்துக்கு ஏற்கெனவே ஓடும் பத்தாயிரத்தோடு சேர்ந்து முப்பதாயிரம். 2018-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓடிய ஆறு இது, கரைக்கு ஆபத்தில்லை. இந்த நீர் வீணும் ஆகாது: ஏரி குளங்களை நிரப்பலாம், மிஞ்சியது கொள்ளிடம் வழியே போய் முகத்துவாரத்தைத் திறக்கும்.

இதைச் செய்யும்போது கெட்டுப்போகும் இடங்களைச் சொல்லிவிட வேண்டும். குடகில் மழை பெய்து மேட்டூருக்கு வரத்து ஏறும் நாளோடு பொருத்தி விட வேண்டும். பவானியும் கலங்கி வரும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, அணையில் தங்கிப்போன கலங்கலை அது ஓரளவு ஈடு செய்யும். ஏற்றம் இரண்டு நாளில் நடக்கலாம், இறக்கத்தில் அவசரம் கூடாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் குஞ்சு உள்ள ஆறுகளில், மட்டம் மணிக்கு ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஷட்டரை இறக்கினால் இறக்கியதுதான். மேட்டூர் பதினாறு கண் மதகுக்குக் கீழே உபரிநீர் நின்றதும், பாறைக் குட்டைகளில் மீன் சிக்கிக்கொள்வது அதனால்தான். பெரிய மீன் சாவது கண்ணில் படுகிறது. திட்டுகளில் ஏறிய அரை அங்குலக் குஞ்சுகள் மணலில் காய்வது யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்தது, அந்த ஆறு நாளும் கதவணைகளின் ஷட்டர்கள் முழுக்க மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டூரிலிருந்து விட்ட எழுச்சி செக்கானூரிலேயே படுத்துவிடும். மின் உற்பத்தியில் நட்டம் உண்டு. பெருவெள்ளத்தில் இரு பக்க நீர்மட்டமும் சமமாகி, இந்த மின் நிலையங்கள் எப்படியும் நிற்கத்தான் செய்கின்றன. அதை ஆண்டுக்கு ஒரு வாரம் திட்டமிட்டுச் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். பராமரிப்புக்காகக் கதவணையை வடிக்கும் வழக்கத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். கோடையில் வடித்தால் ஓரத்து ஜிலேபிப் பள்ளங்கள் வெளியே வந்துவிடும். நாட்டுக்கெண்டை அப்போது முட்டையிடுவதில்லை, அதன் குஞ்சுக்குச் சேதமில்லை. நடு ஆழம் மட்டும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும், பெரிய தாய்மீன்கள் அங்கேதான் ஒதுங்கும்.

வெள்ளம் ஜிலேபியை ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பள்ளத்தைக் கலைக்கும், குஞ்சை அடித்துப் போகும், ஓரிரு முறை குஞ்சு பொரிப்பதைக் கெடுக்கும். மணல் அள்ளிய குழிகளிலும் கரையோரக் குளங்களிலும் ஒதுங்கிய ஜிலேபி மறுபடி வரும். அந்த இடைவெளியில் நாட்டு மீன் ஒரு தலைமுறையை வளர்த்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆறுகளில் நாட்டின மீன்குஞ்சு விடும் திட்டங்களையும் இதோடு இணைக்க வேண்டும். தேங்கிய நீரில் விடும் குஞ்சு வளர்ந்து வலையில் விழலாம், ஆனால் ஓட்டம் இல்லாமல் அது ஒருபோதும் முட்டையிடப் போவதில்லை.

பலன் கிடைத்ததா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரே இடம், ஒரே கண்ணியுள்ள கரைவலை, ஒரே எண்ணிக்கை இழுப்பு. மே மாதம் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை. விழுந்ததை இனம் பிரித்து நீளம் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஜிலேபியில் எல்லா அளவுக் குஞ்சும் இரண்டு மாதத்திலும் கலந்து கிடக்கும், அது வருடம் முழுக்கப் பொரிப்பதால். அக்டோபர் வலையில் ஏறக்குறைய ஒரே அளவில், விரல் நீளச் சேல்கெண்டைகள் கூட்டமாக விழுந்தால், அவை எல்லாம் ஒரே வெள்ளத்தில் பிறந்தவை. விழவில்லை என்றால் அந்த ஆடியில் ஆறு பெருகவில்லை என்று எழுதிக்கொள்ளலாம், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் இருந்திருந்தாலும்.